சொந்தச் செல்லை வளர்த்து முழங்காலில் நடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 27 வயது. எலக்ட்ரீஷியன் வேலை. இரண்டு வருடங்களுக்கு முன் ஊர்த் திருவிழாக் கபடியில் விழுந்ததில் வலது முழங்காலில் அடி. அன்றிலிருந்து ஏணி ஏறினால் வலி, மாலையானால் வீக்கம். சில நேரம் மடக்கிய கால் அப்படியே மாட்டிக்கொள்கிறது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில், தொடை எலும்பின் உட்பக்க முனையில் 2.2 × 1.8 சென்டிமீட்டர் அளவுக்கு, எலும்பு தெரியும்படி குருத்தெலும்பு பெயர்ந்திருக்கிறது என்றார்கள். ஜவ்வுகள் நன்றாக இருக்கின்றனவாம். ஒரு டாக்டர் அவனுடைய செல்லையே எடுத்து ஆய்வகத்தில் வளர்த்து வைக்கலாம் என்கிறார். சில லட்சங்கள் ஆகும். நகையை அடகு வைக்க வேண்டும். இன்னொரு டாக்டர் எலும்பில் துளை போட்டாலே போதும் என்கிறார். இங்கே கல்யாண மண்டபத்தில் முகாம் நடத்தியவர்கள் ஸ்டெம் செல் ஊசி போட்டால் குருத்தெலும்பு வளர்ந்துவிடும் என்கிறார்கள். உடம்புக்கு வெளியே வளர்த்த செல் புற்றுநோயாக மாறாதா? தை மாதம் அவனுக்குத் திருமணம். அதற்குள் அறுவையை முடித்துவிடலாமா? மறுபடி கபடி ஆடுவானா? எனக்கும் 58 வயது, இரண்டு மூட்டும் தேய்ந்துவிட்டது. எனக்கும் இதைச் செய்ய முடியுமா?
— ஒரு தாய், மணப்பாறை

பதில்: அம்மா, நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போவதற்கு முன் இதை ஒரு முறை படித்துவிடுங்கள். தம்பியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படியுங்கள். இதில் பாதி அவருக்குச் சொல்வது.

முதலில் ஒரு சொல்லைப் பிரித்துக்கொள்வோம். முழங்காலுக்குள் எது கிழிந்தாலும் நாம் ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்றுதான் சொல்கிறோம். உள்ளே இருப்பவை மூன்று. எலும்பையும் எலும்பையும் கட்டிப் பிடித்திருக்கும் தசைநார்கள் ஒன்று. இரண்டு எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் மெத்தையாக இருக்கும் வட்டு ஒன்று. மூன்றாவது, எலும்பின் முனையிலேயே ஒட்டிப் படர்ந்திருக்கும் குருத்தெலும்பு. உங்கள் மகனுக்கு முதல் இரண்டும் நன்றாக இருக்கின்றன, மூன்றாவதில்தான் பள்ளம். இது நல்ல செய்தி. மூன்றும் சேர்ந்து கெட்டிருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஆட்டுக்கால் வாங்கிச் சுத்தம் செய்திருந்தால் குருத்தெலும்பை நீங்களே பார்த்திருப்பீர்கள். மூட்டைப் பிரித்தால் எலும்பு முனையில் வெள்ளையாக, வழவழப்பாக, விரல் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும் பூச்சு இருக்குமே, அதுதான். மனித முழங்காலில் அதன் கனம் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர். அதில் இரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. நாம் நடக்கும்போது அழுந்தி, விடுபட்டு, மூட்டு நீரைப் பஞ்சு போல உறிஞ்சித்தான் அது உயிர் வாழ்கிறது. இரத்தம் வராத இடத்தில் புண் ஆற வழியில்லை. கையில் வெட்டுப்பட்டால் ஒரு வாரத்தில் மூடிக்கொள்கிறது. இங்கே விழுந்த பள்ளம் இரண்டு வருடமானாலும் பள்ளமாகவே இருக்கிறது. லண்டனில் இருந்த வில்லியம் ஹண்டர் என்ற மருத்துவர் 1743-லேயே இதை எழுதிவைத்தார்: குருத்தெலும்பு ஒரு முறை அழிந்தால் திரும்புவதில்லை என்று. அதற்குப் பிறகு இருநூறு வருடங்களுக்கும் மேல் எங்களிடம் அதற்கு உருப்படியான மறுமொழி இருக்கவில்லை.

மறுமொழி சுவீடன் நாட்டின் கோதன்பர்க் நகரிலிருந்து வந்தது. 1987-இல் லார்ஸ் பீட்டர்சன், மாட்ஸ் பிரிட்பெர்க் ஆகியோரின் குழு செல்லை வளர்த்து நடும் இந்த அறுவையை முதல் நோயாளிக்குச் செய்தது. 1994-இல் 23 பேரின் விவரத்தை அவர்கள் வெளியிட்டார்கள். அந்த முதல் அறிக்கையிலேயே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. தொடை எலும்பு முனையில் பள்ளம் இருந்த 16 பேரில் 14 பேருக்கு இரண்டு வருடம் கழித்தும் பலன் நன்றாக இருந்தது. முழங்கால் சில்லின் பின்புறத்தில் பள்ளம் இருந்த 7 பேரில் 2 பேருக்குத்தான் அப்படி. செல் ஒன்றே, கையும் ஒன்றே. இடம் மாறியதும் பலன் மாறிவிட்டது. உங்கள் மகனுக்குப் பள்ளம் இருப்பது தொடை எலும்பு முனையில். இதையும் நல்ல செய்திக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி, என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். நாற்றங்காலும் நடவும் தெரிந்த ஊர்க்காரருக்கு இதைச் சொல்வது எளிது.

வயலில் ஓரிடம் பயிரில்லாமல் கிடக்கிறது. விதை கொஞ்சம்தான் இருக்கிறது. அதை அப்படியே அங்கே தூவினால் போதாது. தனியே நாற்றுவிட்டுப் பெருக்கிக்கொண்டு வந்து நடுகிறோம். குருத்தெலும்பிலும் அப்படித்தான். அதன் கனஅளவில் உயிருள்ள செல்கள் நூற்றில் ஐந்து பங்குகூடத் தேறாது; மீதியெல்லாம் நீரும், அந்தச் செல்கள் தம்மைச் சுற்றி உருவாக்கி வைத்த நார்ப் பின்னலும். முதல் அறுவையில் மிளகு நுழையும் அளவுக்குத் துளையிட்டு, கேமராக் குழாயை உள்ளே விட்டு, உடல் எடை அதிகம் விழாத ஓரப் பகுதியிலிருந்து 200, 300 மில்லிகிராம் குருத்தெலும்பைச் சுரண்டி எடுப்போம். நாலைந்து மிளகின் எடைதான். அது குளிர்பெட்டியில் ஆய்வகத்துக்குப் போகும். அங்கே நார்ப் பின்னலைக் கரைத்துச் செல்களைப் பிரித்து, சத்து நீரில் வளர்ப்பார்கள். நான்கைந்து வாரங்களில் சில லட்சம் செல்கள் ஒரு கோடிக்கும் மேல் பெருகிவிடும். கிருமி கலந்திருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் திருப்பி அனுப்புவார்கள். அதோடு, செல்லை எடுப்பதற்கு முன் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை கேட்பார்கள். பதற வேண்டாம், எல்லாருக்கும் கேட்பதுதான்.

இரண்டாவது அறுவையில் நடவு. முழங்காலைத் திறந்து, பள்ளத்தைச் சுற்றி இற்றுப்போய்த் தொங்கும் குருத்தெலும்பை எல்லாம் வழித்தெடுத்து, நல்ல குருத்தெலும்பு செங்குத்துச் சுவராக நிற்கும்வரை ஓரத்தை வெட்டிச் சீராக்குவோம். இந்தச் சுவர்தான் வரப்பு. வரப்பு உறுதியாக இருந்தால்தான் உள்ளே நட்டது நிற்கும். அடியில் எலும்பு தெரியும். ஆனால் அதிலிருந்து இரத்தம் கசியும் அளவுக்குச் சுரண்டக் கூடாது. பிறகு, தையல் நூல் சுற்றி வரும் அலுமினியத் தாளில் ஒரு துண்டை எடுத்துப் பள்ளத்தின் மேல் வைத்து, விரலால் அழுத்தி அதன் உருவத்தைப் பதித்துக்கொள்வோம். தையற்காரர் துணி வெட்டுவதற்கு முன் காகிதத்தில் மாதிரி வெட்டுவதைப் போல. செல்கள் ஏற்றப்பட்ட மெல்லிய சவ்வை அந்த மாதிரியின்படி கத்தரித்து, செல் இருக்கும் பக்கம் எலும்பைப் பார்க்கும்படி வைத்து, இரத்தத்தை உறையவைக்கும் புரதத்தால் ஆன பசையால் ஒட்டுவோம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 முதல் 10 லட்சம் செல்கள். சில நிமிடங்கள் பசை பிடிக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்போம். பிறகு காலைப் பலமுறை மடக்கி நீட்டி, ஒட்டியது அசையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூடுவோம். இத்தனை வருடங்களுக்குப் பிறகும், அந்த மடக்கி நீட்டும் நேரத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

இந்தியாவில் சவ்வு இல்லாமல், செல்களைப் பசையோடு கலந்து பள்ளத்திலேயே ஊற்றி உறையவைக்கும் முறையும் உண்டு. சவ்வு வைப்பதானால் அது எந்த விலங்கிலிருந்து வந்தது என்று கேளுங்கள். அமெரிக்காவில் 2016-இல் அனுமதி பெற்ற சவ்வு பன்றியிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதத்தால் ஆனது. செல் வளர்க்கும் சத்து நீரில் மாட்டின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரம் சேர்க்கும் ஆய்வகங்களும் உண்டு. மத நம்பிக்கையால் தயங்குகிறவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்வது மருத்துவரின் கடமை. செல் வளர்ப்பில் சேர்க்கக்கூடிய ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து மகனுக்கு ஒவ்வாது என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

சரி, துளை போட்டால் போதும் என்ற டாக்டர் தவறாகச் சொன்னாரா? இல்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ரிச்சர்ட் ஸ்டெட்மன் என்பவர் 1980-களில் பரப்பிய முறை அது. பள்ளத்தின் அடியில் இருக்கும் எலும்பில் 3, 4 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுச் சிறு துளைகள் இடுவார்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்து இரத்தம் கசிந்து பள்ளத்தில் உறைந்து, தழும்பு போன்ற ஒரு திசுவாக மாறும். ஒரே அறுவையில் முடிந்துவிடும், செலவும் குறைவு. ஆனால் அந்தத் திசு அசல் குருத்தெலும்பு இல்லை, நார் மிகுந்தது. பள்ளம் 2 சதுர சென்டிமீட்டருக்குள் இருந்தால் நானும் அதையே முதலில் யோசிப்பேன். உங்கள் மகனுக்கு ஏறத்தாழ 4 சதுர சென்டிமீட்டர். பழைய ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்தால் மூடும் அளவு. இவ்வளவு பெரிய பள்ளத்தில் நார்த் திசு வருடக்கணக்கில் தாங்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

ஆனால் உங்களிடம் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லக் கூடாது. 3 சதுர சென்டிமீட்டரும் அதற்கு மேலும் பள்ளம் இருந்த 144 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குச் செல் சவ்வும் பாதிப் பேருக்குத் துளையும் செய்து பார்த்த ஐரோப்பிய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. இரண்டு வருட முடிவில், துளை போட்டவர்களைவிடச் செல் சவ்வு வைத்தவர்களுக்கு வலி குறைந்து, நடமாட்டமும் நன்றாக இருந்தது. மறுபக்கம், நார்வே நாட்டில் 80 பேரைப் பதினைந்து வருடம் வரை தொடர்ந்து பார்த்தார்கள். செல் வைத்த 40 பேரில் 17 பேருக்கும், துளை போட்ட 40 பேரில் 13 பேருக்கும் அறுவை தோற்றிருந்தது. இரண்டு முறைக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இல்லை என்றே அவர்கள் முடிவுகட்டினார்கள். அவர்கள் செய்தது பழைய முறை. எலும்பின் மேலுறையை உரித்தெடுத்து, பள்ளத்தின் மேல் தைத்து, அதன் அடியில் செல்களைச் செலுத்துவது. இப்போதைய சவ்வு முறை அதைவிட எளிது, சிக்கலும் குறைவு. இருந்தாலும் ‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்று யாராவது சொன்னால் அந்த நார்வேக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

‘முதலில் துளை போட்டுப் பார்ப்போம், பலிக்காவிட்டால் செல் வைத்துக்கொள்வோம்’ என்றுதான் பெரும்பாலான குடும்பங்கள் யோசிக்கின்றன. பணத்தைப் பார்த்தால் நியாயமான யோசனைதான். ஆனால் பாஸ்டனில் டாம் மினாஸ் குழு 2009-இல் சுமார் 320 பேரின் கணக்கை வெளியிட்டது. முன்பு எலும்பைத் துளைத்தோ சுரண்டியோ சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் பின்னால் செல் வைத்தபோது 26 சதவீதம் தோற்றது. எதுவும் செய்யாத மூட்டில் வைத்தபோது 8 சதவீதம்தான். துளை போட்ட எலும்பு இறுகி, மேடு தட்டிவிடுவது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். பிரிட்டனில் அரசு மருத்துவத்துக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பும் 2017-இல் இந்த அறுவையை ஏற்றபோது, பள்ளம் 2 சதுர சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், முன்பு அதே பள்ளத்துக்கு அறுவை செய்திருக்கக் கூடாது, மூட்டில் தேய்மானம் மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. எனவே எது முதலில் என்பதை நன்றாக யோசித்துத் தொடங்குங்கள்.

இதுவரை படித்ததில் உங்கள் மகன் இந்த அறுவைக்குப் பொருத்தமானவர் என்று எனக்குப் படுகிறது: இளம் வயது, ஒரே பள்ளம், நல்ல வட்டு, நல்ல தசைநார். ஒரு விஷயம் மட்டும் உங்கள் கடிதத்தில் இல்லை. அவர் காலைச் சேர்த்து வைத்து நிற்கும்போது இரண்டு முழங்காலும் ஒட்டுகின்றனவா, நடுவே இடைவெளி தெரிகிறதா?

இதை நான் வற்புறுத்திக் கேட்கக் காரணம் என்னுடைய ஒரு தவறு. பல வருடங்களுக்கு முன், ஏறத்தாழ இதே வயது, இதே இடத்தில் பள்ளம் உள்ள ஓர் இளைஞருக்கு இந்த அறுவையைச் செய்தேன். கால் லேசாக வில் போல வளைந்திருந்தது. இவ்வளவு சிறிய வளைவு ஒன்றும் செய்யாது என்று நினைத்தேன். ஒரு வருடம் மிக நன்றாக இருந்தார். மூன்றாம் வருடம் அதே வலியோடு வந்தார். உள்ளே பார்த்தபோது நட்டது முழுக்க அரைபட்டுப் போயிருந்தது. வளைந்த காலில் உடல் எடையெல்லாம் மூட்டின் உட்பக்கத்திலேயே விழும். நான் நட்டதும் அந்த உட்பக்கத்தில்தான். சமன்படுத்தாத வயலில் தண்ணீரெல்லாம் ஒரு மூலைக்கே ஓடி நாற்றை அழுகவைப்பதைப் போல ஆகிவிட்டது. பிறகு கீழ்க்கால் எலும்பை வெட்டி நேராக்கினேன். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். அந்தத் தம்பி இழந்த மூன்று வருடங்களை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை முழுக் காலும் தெரியும்படி நின்ற நிலையில் எக்ஸ்ரே எடுக்காமல் நான் யாருக்கும் தேதி கொடுப்பதில்லை. உங்கள் டாக்டர் அதை எடுக்கச் சொன்னாரா என்று கேளுங்கள். சொல்லவில்லை என்றால் நீங்களே கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய செலவில்லை.

இப்போது தம்பிக்கு.

தம்பி, டாக்டருடைய வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதி ஒரு வருடம் உங்களுடையது. நட்ட செல்கள் முதல் ஆறு வாரம் இளநீர் வழுக்கை மாதிரி. நகம் பட்டாலே வழிந்துவிடும். மூன்று, நான்கு மாதத்தில் கொஞ்சம் இறுகும். தேங்காய்ப் பருப்பு போலக் கெட்டியாக ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். கொடுமை என்னவென்றால், வலி அதற்கு வெகுநாள் முன்பே போய்விடும். வலி போய்விட்டது, அதனால் ஆறிவிட்டது என்று நினைக்கும் நாள்தான் ஆபத்தான நாள். நான் அறுவை செய்த ஒருவர் ஐந்தாம் வாரம் வீட்டில் யாரும் இல்லாதபோது கேஸ் சிலிண்டரைத் தூக்கித் திரும்பினார். ஒட்டியதன் ஓரம் பெயர்ந்துவிட்டது.

முதல் நாட்களிலிருந்தே காலை அசைக்க வேண்டும். ஆனால் அதன்மேல் எடை வைக்கக் கூடாது. இந்த இரண்டும் முரண்போலத் தெரியும். அசைவு இல்லாவிட்டால் செல்லுக்குச் சத்து போகாது, எடை விழுந்தால் செல் நசுங்கும். அதனால்தான் காலை மெதுவாக மடக்கி நீட்டும் இயந்திரத்தில் ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் வைக்கச் சொல்வோம், பல வாரங்களுக்கு. இரண்டு அக்குளிலும் ஊன்றுகட்டை. ஆரம்பத்தில் அந்தக் காலில் உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 65 கிலோ என்றால் 13 கிலோ. அது எவ்வளவு என்று மனத்தால் கணிக்க முடியாது. எடை பார்க்கும் இயந்திரத்தில் அந்தக் காலை மட்டும் வைத்து முள் 13-ஐத் தொடும்வரை அழுத்திப் பாருங்கள். தினமும் காலையில் அதைச் செய்தால் காலுக்கே கணக்குப் பழகிவிடும். எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் கட்டையை விடலாம். சைக்கிள் மூன்றாம் மாதத்துக்குப் பிறகு. ஏணியில் ஏறி வேலை செய்வது ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம். குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிளக் பாயின்ட் மாட்டுவதும் அப்படியே. அதுவரை மேசையில் உட்கார்ந்து செய்யும் பழுதுபார்க்கும் வேலை ஏதாவது கிடைக்குமா என்று இப்போதே பேசி வையுங்கள்.

கபடிக்கு ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் ஆகும். அப்போதும் உறுதி சொல்ல மாட்டேன். கணுக்காலைப் பிடித்து இழுக்க, முழங்கால் முறுக்கிக்கொண்டு எல்லைக் கோட்டுக்குத் தாவுவதுதான் அந்த விளையாட்டு. இந்த மூட்டுக்கு அதைவிடக் கடினமான சோதனை இல்லை. ஏணியில் வலியின்றி ஏறுவதற்கும், நாற்பது வயதில் மூட்டு முழுவதும் தேயாமல் இருப்பதற்கும் இந்த அறுவையைச் செய்துகொள்ளுங்கள். கபடிக்காகச் செய்யாதீர்கள். புகை பிடிப்பவராக இருந்தால் நிறுத்திவிட்டு வாருங்கள்.

அம்மா, இனி திருமணத் தேதியைப் பற்றி. தைக்குள் இரண்டு அறுவையையும் முடிக்க நினைக்காதீர்கள். மணவறையில் சம்மணமிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எழுந்து, அக்கினியை வலம் வந்து, பெரியவர்கள் ஒவ்வொருவர் காலிலும் விழுந்து எழ வேண்டும். புதிதாக நட்ட முழங்காலில் இதைச் செய்ய விடமாட்டேன். இந்தப் பள்ளம் அவசர நோயும் இல்லை; சில மாதம் காத்திருக்கும். ஆனால் கால் மாட்டிக்கொள்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பெயர்ந்த துண்டு உள்ளே மிதந்துகொண்டிருக்கலாம். அதை விட்டுவைக்கக் கூடாது. நல்ல குருத்தெலும்பையும் அது கீறிவிடும். ஆகவே முதல் சிறிய அறுவையை இப்போதே செய்துகொள்ளலாம். துண்டை எடுத்துவிடலாம், பள்ளத்தை நேரில் அளக்கலாம், எதிரே இருக்கும் எலும்பில் குருத்தெலும்பு நன்றாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். அதே நேரத்தில் செல்லையும் எடுத்துக்கொள்ளலாம். அதிலிருந்து ஒன்றிரண்டு வாரத்தில் தேறிவிடுவார். எடுத்த செல்லை உறைநிலையில் பாதுகாக்கும் வசதி அந்த ஆய்வகத்தில் உண்டா, எத்தனை மாதம், அதற்குத் தனிக் கட்டணமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நடவைப் பங்குனிக்கு வைத்துக்கொள்ளலாம். பெண் வீட்டாரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். திருமணமான இரண்டாம் மாதம் கணவர் ஊன்றுகட்டையோடு நடப்பார் என்பது அந்தப் பெண்ணுக்கு முதலிலேயே தெரிய வேண்டும்.

புற்றுநோய் பயத்தைப் பற்றி: பிறருடைய செல் இல்லை என்பதால் உடல் அதை வெளியே தள்ளாது. கட்டுக்கடங்காமல் பெருகும் செல்லும் இல்லை. ஆய்வகத்தின் கவலையே இதற்கு நேர்மாறானது. குருத்தெலும்புச் செல்லைத் தட்டில் அதிக நாள் வளர்த்தால் அது சோர்ந்து, தன் இயல்பை மறந்து, வெறும் நாரை உண்டாக்கும் செல்லாக மாறிவிடும். அதனால்தான் அளவோடு நிறுத்தித் திருப்பி அனுப்புகிறார்கள். மூட்டுப் பகுதியில் ஏற்கெனவே கட்டி இருந்தவர்களுக்கு மட்டும் இதைச் செய்வதில்லை.

கல்யாண மண்டப முகாமுக்குப் போகாதீர்கள். இதில் எனக்குக் கோபமே வருகிறது. பல வகைச் செல்லாக மாறக்கூடிய ஆரம்பநிலைச் செல்லைத்தான் ஸ்டெம் செல் என்பார்கள். அந்தப் பெயரில் ஊசி போட்டு 4 சதுர சென்டிமீட்டர் பள்ளத்தில் குருத்தெலும்பை வளர்த்துவிட முடியும் என்பதற்கு நிரூபணம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது: இரத்த நோய்களுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று சிகிச்சை போன்றவை தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சையெல்லாம் ஆராய்ச்சி நிலையில்தான், ஆராய்ச்சியில் சேரும் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. உங்கள் டாக்டர் சொல்லும் செல் ஸ்டெம் செல் இல்லை, முதிர்ந்த குருத்தெலும்புச் செல். அதற்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்ற தயாரிப்பு நம் நாட்டில் இருக்கிறது. அந்த அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். கேட்பது அவமரியாதை இல்லை.

பணத்தைக் கணக்கிடும்போது ஆய்வகக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். இரண்டு அறுவை, இயந்திர வாடகை, முழங்கால் பட்டை, ஆறு மாத பிசியோதெரபி, ஆறு மாதம் வராத சம்பளம், வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறை இல்லை என்றால் அதற்கான செலவு. இவ்வளவும் சேர்ந்ததுதான் இந்த அறுவையின் விலை. நகையை வைத்து ஆய்வகத்துக்குக் கட்டிவிட்டு, பிசியோதெரபிக்குப் பணமில்லாமல் பாதியில் நிறுத்திய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அது செய்யாமல் இருப்பதைவிட மோசம். முழுத் தொகையும் கூடவில்லை என்றால் ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். அதுவரை கபடியை நிறுத்தி, தொடைத் தசையைப் பலப்படுத்தி, வலி எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்.

கடைசியாக உங்கள் மூட்டு. உங்களுக்கு இந்த அறுவை வேண்டாம். மகனுக்கு நல்ல வயலில் ஓரிடம் மட்டும் சொட்டை. தேய்மானத்தில் வயல் முழுவதுமே உவர் பிடித்துவிடுகிறது. மேல் எலும்பும் கீழ் எலும்பும் சேர்ந்து தேய்ந்திருக்கும், வரப்பே இருக்காது, எதை நட்டாலும் நிற்காது. உங்கள் வயதுக்கும் தேய்மானத்துக்கும் செய்யக் கூடியது வேறு. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறத்தாழ நான்கு கிலோ பாரம் குறைகிறது. தரையில் உட்கார்ந்து அரிவதை, குத்துக்காலிட்டுத் துவைப்பதை விட்டுவிடுங்கள். மகனுக்காகக் கட்டும் மேற்கத்தியக் கழிப்பறை உங்களுக்கும் உதவும். இவற்றையெல்லாம் ஆறு மாதம் செய்தும் இரவில் வலி எழுப்பினால், அப்போது மூட்டு மாற்று அறுவையைப் பற்றிப் பேசலாம்.

அதுவரை ஒரு பயிற்சி. கட்டிலில் காலை நீட்டி உட்காருங்கள். ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வையுங்கள். முழங்காலால் அந்தத் துண்டைக் கீழே அழுத்தி, பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். தொடைத் தசை கல் போல இறுகுகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். இறுகினால்தான் சரியாகச் செய்கிறீர்கள். ஒரு காலுக்கு இருபது முறை, காலையும் மாலையும். தம்பிக்கும் இதே பயிற்சிதான். இன்று மாலையே இருவரும் சேர்ந்து ஆரம்பித்துவிடுங்கள்.